வாசித்து விளங்கப்படுத்திய பின்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கெட்ட எண்ணத்துடன்தான் எழுதத் தொடங்கினேன்.

கொழும்புத் தமிழ்பேசும் சட்டத்தரணிகள் ஒன்றியத்துக்கு இந்த வருஷம் வெள்ளி விழா. வெள்ளி விழா என்றால் மலர். மலர் என்றால் தலைவரைப் பற்றி ஒரு கட்டுரை. மலர்க்குழுவினர் என்னைக் கூப்பிட்டு, 'தன்னலமற்ற தலைமை' என்ற தலைப்பைத் தாங்களே போட்டுத் தந்து, மூன்று பக்கம் எழுதும்படியும் நடுவில் படத்துக்கு இடம் விடும்படியும் கேட்டார்கள். நாட்டில் யுத்தம் நடக்கிறது. வெள்ளவத்தையில் மாலை கட்டும் வியாபாரமும் நடக்கிறது. நான் மறுக்கவில்லை. ஒன்றியத்தின் செய்திமடலில் கடைசிப் பக்கத்துக் குறும்புப் பத்தியை வருஷக்கணக்காக எழுதி வருகிறவன் நான். பெரிய மனிதர் ஒருவரை மூன்று பக்கத்துக்கு என் கையில் ஒப்படைக்கிறார்கள். ஊசி என்னிடம் இருக்கிறது. பலூன் தானாகவே வந்து மேசையில் உட்காருகிறது. வேறென்ன வேண்டும்?

தலைவர் சிவபாதசுந்தரம் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வசனத்தை வாசகர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கடைசியில் இதற்கு ஒரு திருத்தம் வரும்.

2

முதலாவது தொடக்கம் (கைவிடப்பட்டது):

"வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முனையில், மத்தியான வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் பித்தளைப் பலகை ஒன்று

கைவிட்ட காரணம்: பலகையில் உள்ளதை எழுதி முடிக்கவே ஒரு பக்கம் தேவைப்பட்டது. சட்டத்தரணி, நொத்தாரிசு (காணிப் பத்திரம் எழுதுபவர்), சமாதான நீதவான், ஒன்றியத் தலைவர், ஒன்றிய முன்னாள் தலைவர் (இரண்டும் அவரே), ஆலய பரிபாலன சபைப் போஷகர், 'சட்டச் செம்மல்' (பட்டம் வழங்கியது ஒன்றியம், பரிந்துரைத்தது தலைவர்). காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர் அங்கிருந்தே வாசிக்கலாம். வாசித்து முடிக்கும்போது பஸ் போயிருக்கும்.

இரண்டாவது தொடக்கம் (இதுவும் கைவிடப்பட்டது):

"அவர் நன்றியுரை சொல்ல எழுந்தால், நன்றி சொல்லப்படுகிற பிரதம விருந்தினரே நன்றியைப் பெறாமல் எழுந்து போய்விடுவார். ஒரு முறை

இது உண்மைச் சம்பவம். ஆனால் இதில் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது. அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவரைப்போலவே ஆகிவிடுகிறேன் என்று என் மனைவியும் சொல்லுகிறா.

மூன்றாவது தொடக்கம் சாதாரணமானது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒன்றியத்துக்கு 'ஒன்றிய மடல்' என்று ஒரு செய்திமடல் உண்டு. நாலு பக்கம். முதல் பக்கத்தில் தலைவரின் செய்தி, படத்துடன். இரண்டாம் பக்கத்தில் தலைவர் கலந்துகொண்ட நிகழ்வுகள், படங்களுடன். மூன்றாம் பக்கத்தில் அனுதாபங்களும் வாழ்த்துகளும். நாலாம் பக்கத்தில் நான், படமில்லாமல்.

மடல் அச்சேறுமுன் அதன் அச்சுப்படி செயற்குழுவினர் எல்லோருடைய கைக்கும் போய்வரும். இது எழுதாத சட்டம். அதை அவர்கள் எப்படித் திருத்துவார்கள் என்பதை வெளியார் அறியமாட்டார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரைத் தேடுவார்கள். தலைப்பெழுத்து சரியா என்று பார்ப்பார்கள். பிறகு தம் பெயருக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த திகதிப்படிதான் பெயர்கள் வரவேண்டும். அதில் ஒரு நாள் பிசகினாலும் யுத்தம். இவ்வளவும் சரியென்றால் மூலையில் கையொப்பம் வைத்து அனுப்பிவிடுவார்கள். மற்ற எழுத்துகளை வாசிப்பது அச்சகத்தாரின் வேலை.

[ஒரு தடவை வேண்டுமென்றே அனுதாபச் செய்தி ஒன்றை வாழ்த்துப் பகுதியில் போட்டு அச்சுப்படியைச் சுற்றுக்கு விட்டேன். பன்னிரண்டு கையொப்பங்களுடன் திரும்பி வந்தது. அச்சேறுமுன் நானே எடுத்துவிட்டேன். நான் குறும்பன், கொடியவன் அல்ல.]

தொண்ணூற்றேழில் மடலின் ஆசிரியர் பொறுப்பை ஏற்க யாரும் இல்லாமல் அது பைறோஸா என்ற பெண் சட்டத்தரணியிடம் போனது. அப்போதுதான் கதை தொடங்குகிறது.

4

இனி என் தொழிற் பிரச்சினை ஒன்று. பைறோஸாவை என்ன செய்வது?

கொட்டாஞ்சேனைக்காரர். மஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குப் பேசுகிறவர். கொழும்பில் உள்ள பொலிஸ் நிலையங்களில் எதன் வாசலில் எந்தக் காவற்காரர் சிரிப்பார், எவர் முறைப்பார் என்று தெரிந்தவர். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நையாண்டி எழுதுகிறவன் எப்படிப் பிழைப்பது? முதற் பிரதியில் அவருக்கு ஒரு கோபக்குணம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரண்டாம் பிரதியில் கொஞ்சம் கஞ்சத்தனம். அதுவும் பொய். மூன்றாம் பிரதி எழுதும்போதுதான் உண்மையான குறை ஒன்று அகப்பட்டது: மற்றவர் பேசும்போது அவர் கேட்கமாட்டார். தலைவர் பேச எழுந்ததும் பைறோஸா கைப்பையில் இருந்து அச்சுப்படியை எடுத்துப் பிழை திருத்தத் தொடங்கிவிடுவார். எங்கள் கூட்டங்களில் இருந்து புத்தி சிதறாமல் வெளியே வந்த ஒரே ஆள் அவர்தான் என்பதற்கு இதுவே காரணம்.

அந்த வருஷங்களில் கொழும்பில் என்ன நடந்தது என்பதை வெள்ளி விழா மலர் வாசிப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவருக்கு மூன்று வசனம். விடியப்புறம் பொலிஸும் இராணுவமும் சுற்றிவளைப்பார்கள், வடக்கில் இருந்து வந்து லொட்ஜிலும் வாடகை அறையிலும் தங்கியிருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்று பொழுதுபடுவதற்குள் ஒரு சட்டத்தரணி அந்த நிலையத்துக்குப் போய் நின்றால் அநேகம் பேர் வீடு திரும்புவார்கள். போகாவிட்டால் பின்னேரம் லொறியில் வேறெங்கோ மாற்றிவிடுவார்கள், பிறகு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும்.

போய் நிற்பதற்குத் தொண்டர்கள் வேண்டும் என்று பைறோஸா செயற்குழுவில் பல தடவை கேட்டார். ஒருவருக்கு மறுநாள் வழக்கு. ஒருவருக்குக் குற்றவியல் பழக்கமில்லை. ஒருவருக்கு வாய்வு. தலைவர், இது ஆழ்ந்து ஆராய வேண்டிய விடயம் என்று சொல்லி, கூட்டம் முடியும்வரை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

5

பிறகு ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். செயற்குழுக் கூட்டம். சமையலறையில் பெட்டிஸ் சூடாகும் மணம் வருகிறது.

"ஏழாவது விஷயம்," என்றார் பைறோஸா. தாளைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அடுத்த மடல்ல நடுப்பக்கம் ரெண்டும் தொண்டர் சட்டத்தரணிகளுக்கு. பன்னிரண்டு பேர்ட படமும் போடுவோம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொலிஸ் நிலையம். படத்துக்குக் கீழ வீட்டு டெலிபோன் நம்பர். ஆளைப் பிடிச்சிட்டாங்கண்டா குடும்பத்து ஆக்கள் நேரா கோல் எடுக்கலாம்."

"படம் கறுப்பு வெள்ளையோ, கலரோ?" என்றார் செயலாளர் இராசரத்தினம்.

"கறுப்பு வெள்ளை."

"கோட்டோடை எடுத்தது ஒண்டு என்னட்டை இருக்கு. அதைத் தாறன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னக் கொள்கைப் பிரச்சினை. பேர்கள் எந்த ஒழுங்கிலை வரும்?"

"சீனியோரிட்டிப்படி, சேர்."

"அப்ப முதலாவது…"

"முதலாவது நீங்கதான். நிலையங்களும் பெரிசில இருந்து சின்னதுக்கு வருது. ஆகக் கூட ஆக்களைப் பிடிக்கிற இடம் மேல."

"அதுதானே முறை," என்றார் தலைவர் திருப்தியுடன். "பெரிய நிலையம் தலைவருக்கு. அதை மாத்தினால் ஒன்றியத்தின்ரை கௌரவம் என்னாகிறது?"

பெட்டிஸ் வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அச்சுப்படியும் வழக்கம்போலச் சுற்றிவந்தது. தலைவர் தம் பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' (சமாதான நீதவான்) சேர்த்திருந்தார், படத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கும்படி அம்புக்குறி போட்டிருந்தார். கீழே சின்ன எழுத்தில் இருந்த இலக்கங்களை அவரும் பார்க்கவில்லை, வேறொருவரும் பார்க்கவில்லை.

ஜம்பட்டா வீதியில் அச்சகம் வைத்திருந்த றேமண்ட், நடுப்பக்கத்தை மட்டும் தனித்தாளாக மேலதிகமாக அடித்துக் கொடுத்தார். லொட்ஜ்கள், சலூன்கள், தொலைபேசிக் கடைகள், கோயில், தேவாலயம் எல்லாவற்றிலும் பைறோஸா அதை ஒட்டுவித்தார்.

"மிஸ், உண்மையா இவங்க எல்லாம் வருவாங்களா?" என்று றேமண்ட் கேட்டாராம்.

"படம் வந்தாச்சு, றேமண்ட். படம் வந்த பொறகு ஆள் வராம இருக்க ஏலாது."

[இந்த வசனத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இதைவிட நீளமாக இருந்திருக்கும்.]

6

மடல் வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தலைவரின் அடுத்த செய்தியை வாங்கிவர நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். செய்தியின் தலைப்பு: 'தொண்டின் சிகரங்கள்'. சிகரத்துக்கு எத்தனை உவமை கொடுக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கும். வேர்வையில் நனைந்த சேலைத் தலைப்பு. கையில் நாலாய் மடித்த தாள். நாலு மூலையிலும் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"படத்திலை இருக்கிற ஐயா நீங்கள்தானே?"

"ஓம். உள்ளை வாருங்கோ," என்றார் தலைவர். தம் படத்தை வைத்துத் தம்மை அடையாளம் கண்டதில் முகம் மலர்ந்தது.

"ஐயா, என்ரை பேர் கனகேஸ்வரி. கொட்டாஞ்சேனையிலை லொட்ஜிலை நிக்கிறம். விடியக்காலமை வந்து பிள்ளையைக் கொண்டு போட்டாங்கள். சுகந்தினி. இருபத்தொரு வயது. ஏதோ சிங்களத்திலை எழுதி வச்சுக்கொண்டு கையெழுத்து வை எண்டு நிக்கிறாங்களாம். பின்னேரம் லொறி வருமாம். இந்த நம்பருக்கு எடுத்துப் பாத்தனான் ஐயா, அது ஆரோ பேக்கரிக்காரர். பிறகு லொட்ஜ்காரர் ஐயா வெள்ளவத்தையிலை எண்டு சொல்ல, பஸ் ஏறி வந்து, அங்கை ஆரைக் கேட்டாலும், அந்தப் பெரிய பித்தளைப் போட் வீடு எண்டு காட்டிவிட்டினம்."

அவர் தாளை வாங்கினார். அந்தப் பக்கத்தை அவர் முழுதாக வாசித்தது அப்போதுதான் முதற்தடவை. முகத்தில் இருந்த மலர்ச்சி படிப்படியாக இறங்கியது.

"யோகநாதன்," என்றார் என்னிடம் மெதுவாக. "நான் காணி உறுதி எழுதுகிறவன். பொலிஸுக்குள்ளை நான் போனதே இல்லை."

"தெரியும் சேர்."

"இதை ஆர் போட்டது?"

"நீங்கள் கையொப்பம் வச்சனீங்கள், சேர். ஜே.பி.யும் சேர்த்தனீங்கள்."

பைறோஸாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வேறொரு நிலையத்தின் பக்கத்துக் கடையில் நின்றார். இரைச்சலுக்கு மேலால் கத்தினார்: "நான் இங்க மூணு பேரோட மாட்டிக்கொண்டு ஈக்கிறேன். வர ஏலாது. அவரையே கூட்டிட்டுப் போங்க."

"அவருக்கு இந்த வேலை ஒண்டும் தெரியாது, பைறோஸா."

"தெரிஞ்சதச் செய்யச் சொல்லுங்க!"

7

இந்த இடத்தில் கதை மூன்றாகப் பிரிகிறது. மூன்றையும் வாசகருக்குக் காட்டுவது என் கடமை.

(அ) தலைவருக்குத் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறுகிறது. சாய்மனைக் கதிரையில் சாய்கிறார். அந்தத் தாய் தாளை மடித்துக்கொண்டு, பித்தளைப் பலகையைக் கடந்து, வந்த வழியே போகிறார். பலகையில் வெயில் பளபளக்கிறது. முற்றும். இதை நான் மனதுக்குள் எப்போதோ எழுதி முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் எழுதிய மிக நல்ல பந்தி அதுதான்.

(ஆ) தலைவர் ஓர் அமைச்சருக்குத் தொலைபேசி எடுக்கிறார். அமைச்சர் குளிக்கிறார். (அமைச்சர்கள் இப்படியான கதைகளில் எப்போதும் குளித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.)

(இ) தலைவர் உள்ளே போகிறார். கதவு சாத்தப்படுகிறது. சரி, (அ)தான் என்று நான் பேனாவை எடுக்கிறேன். கதவு திறக்கிறது. வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கோட், கழுத்துப்பட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தை வெக்கையில்.

"படம் கோட்டோடை வந்திருக்கு," என்றார். "ஆளும் கோட்டோடைதான் போகவேணும். வாருங்கோ அம்மா."

என் நல்ல பந்தி வீணாய்ப் போனது.

8

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். நானும் சட்டத்தரணிதான்.

போகிற வழியில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை கேட்டார்கள். தலைவர் அதனுடன் தம் விசிட்டிங் காட்டையும் நீட்டினார். முதலாவது சிப்பாய் அதை வாசிக்கத் தொடங்கி, பாதியில் களைத்து, போகும்படி கையைக் காட்டினான். இரண்டாவது சாவடியில் தலைவர் காட்டைத் தலைகீழாக நீட்டினார். பத்திக்கு நல்ல வரி என்று குறித்தும் வைத்தேன்.

நிலையத்தில் சுகந்தினி மர வாங்கு ஒன்றில் இருந்தாள். முன்னால் மேசையில் சிங்களத்தில் எழுதிய மூன்று தாள்கள். கையில் யாரோ கொடுத்த பேனா. பின்னால் சுவரோடு இன்னும் ஆட்கள். பொறுப்பதிகாரி களைத்துப்போன மனிதர், சத்தம் போடவில்லை. கறுப்புக் கோட்டைக் கண்டதும், "வாடி வென்ன, மாத்தயா," என்று கதிரையைக் காட்டினார்.

தலைவர் உட்காரவில்லை. அவருடைய சிங்களம் காணிப் பதிவகத்தில் கற்ற சிங்களம். பழைய உறுதிகளில் இருக்கிற, பொலிஸாரே வீட்டில் பேசாத சிங்களம். அதை இங்கே தமிழில் தருகிறேன்.

"கையொப்பத்துக்கு முன் இதை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். வாசித்து விளங்கப்படுத்தாமல் என் முன்னிலையில் ஒருவரும் எதிலும் கையொப்பம் வைத்ததில்லை."

"மாத்தயா, இது காணி உறுதி இல்லை."

"ஆம். காணியைவிடப் பெறுமதியானது. ஆகவே இன்னும் மெதுவாக வாசிக்க வேண்டும்."

கண்ணாடியைத் துடைத்தார். கோட்டுப் பையில் இருந்து தம் பேனாவை எடுத்தார். ஒரு தாளும் பேனாவும் கைக்கு வந்துவிட்டால் அவர் தம் கந்தோரில் இருப்பவராகிவிடுகிறார்.

முதலாவது வரி பெயர். தகப்பன் பெயரின் தலைப்பெழுத்துப் பிழை. அவர் அதை வெட்டி, திருத்தி, ஓரத்தில் தம் சுருக்கொப்பத்தை வைத்து, அதிகாரியிடம் நீட்டினார். "திருத்தம் ஒன்று. நீங்களும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்." அதிகாரி வைத்தார்.

இரண்டாவது வரி விலாசம். உறுதி எழுதுகிறவருக்கு விலாசம் என்றால் நாலு எல்லை. தலைவர் தமிழுக்கு மாறினார்.

"பிள்ளை, ஊரிலை உங்கடை வளவுக்கு நாலு எல்லையையும் சொல்லும். வடக்கு?"

சுகந்தினி திகைத்துத் தாயைப் பார்த்தாள். "பொன்னையா மாமா வளவு, ஐயா."

"கிழக்கு?"

"ஒழுங்கை."

"தெற்கு?"

"எங்கடை சித்தப்பா வீடு."

"மேற்கு?"

"பள்ளிக்கூட மதில்…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இப்ப மதில் இல்லை ஐயா. ஷெல் விழுந்து போச்சு."

தலைவரின் பேனா நின்றது. பிறகு ஓரத்தில், தம் முத்து முத்தான கையெழுத்தில், சிங்களத்தில் எழுதினார்: மேற்கு எல்லை, முன்னர் பாடசாலை மதில் இருந்த இடம்.

இப்படியே ஒவ்வொரு வரியும். பொறுப்பதிகாரியின் தொலைபேசி அடித்தது. தலைவர், "நிறைவு செய்யுங்கள், நான் காத்திருப்பேன்," என்று சொல்லி, முடிந்ததும் விட்ட வரிக்கு முந்திய வரியில் இருந்து மறுபடி தொடங்கினார். மேசையில் சோற்றுப் பார்சல் ஆறியது. சைக்கிள் களவு போனதென்று முறைப்பாடு கொடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். தலைவர் அவருக்கும் சாட்சியொப்பத்தின் அவசியத்தைச் சுருக்கமாக விளக்கினார். அவருடைய சுருக்கத்தை எங்கள் ஒன்றியம் அறியும். அந்த மனிதர் சைக்கிளை மறந்து போய்விட்டார்.

இரண்டாம் தாளில் அந்த வரி வந்தது.

"'கொழும்புக்கு வந்த நோக்கத்தைச் சொல்ல மறுத்தேன்' எண்டு இருக்கு. மறுத்தனீரோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. அவை கேக்கவே இல்லையே. நான் சோதினை எழுத வந்தனான். அட்மிஷன் காட் லொட்ஜிலை இருக்கு."

"'மறுத்தேன்' வெட்டப்படுகிறது," என்றார் தலைவர் சிங்களத்தில், எழுதிக்கொண்டே. "'என்னிடம் கேட்கப்படவில்லை' செருகப்படுகிறது. சுருக்கொப்பம் வையுங்கள்."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. அதற்கு ஒப்பம் வைப்பதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். கனகேஸ்வரி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

"வைக்காவிட்டால்," என்றார் தலைவர் மிகப் பணிவாக, "வைக்க மறுத்ததையும், மறுத்தவரின் முழுப் பெயர், பதவி, விலாசம் ஆகியவற்றையும் கடைசியில் அத்தாட்சியாக எழுத வேண்டிவரும். அது ஒரு பக்கம் போகும். எனக்கு அவசரமில்லை. இதற்குப் பிறகு அந்தச் சுவரோடு நிற்பவர்களின் தாள்களையும் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும்."

வெளியே லொறி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பொறுப்பதிகாரி ஆறிய சோற்றைப் பார்த்தார். லொறிப் பக்கம் பார்த்தார். சுவரோடு நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு பிடிபட்டவரைத் தெரிந்தவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் புத்தகத்தை இழுத்துத் திறந்து, தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நொத்தாரிசு ஒருவருக்கு இருக்கிற முதலாவது கட்டுப்பாடு, தெரியாதவரைத் தெரியும் என்று எழுதக்கூடாது என்பது. சிவபாதசுந்தரம் இந்த விஷயத்தில் ஊரறிந்த பிடிவாதக்காரர். சொந்த மைத்துனரின் சிநேகிதர் ஒருவரைக்கூட, "உம்மை எனக்குத் தெரியாது" என்று உறுதி எழுதாமல் திருப்பி அனுப்பியவர். இந்தப் பிள்ளையை அவர் கண்டது அன்றைக்குத்தான். இவர் உண்மை பேசப்போகிறார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தலைவர் பேனாவை மூடினார். சுகந்தினியைப் பார்த்தார்.

"ஒவ். மம மெயாவ அந்துனனவா," என்றார். தெரியும். பிறகு நிமிர்ந்து நின்று, கூட்டத்தில் பேசும் அதே குரலில் சேர்த்துக்கொண்டார்: "வடக்கு, பொன்னையாவின் வளவு. கிழக்கு, ஒழுங்கை. தெற்கு, சிற்றப்பன் வீடு. மேற்கு, முன்னர் பாடசாலை மதில் இருந்த இடம்."

"ஹரி, ஹரி, மாத்தயா!" பொறுப்பதிகாரி இரண்டு கையையும் உயர்த்தினார்.

தலைவர் புத்தகத்தில் கையொப்பம் வைத்தார். பட்டங்களுக்கு இடம் போதவில்லை. எதிர்ப்பக்கத்துக்கும் போனார். பிறகு, போக எழும்பாமல், அப்போதுதான் முதற்தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார். சுவரோடு நின்றவர்களில் முதலாவது ஆளைப் பார்த்து, "வாரும் தம்பி," என்றார். "உம்முடைய வடக்கு எல்லை ஆர்?"

அன்று லொறி வெறுமையாகத் திரும்பியது.

9

வெளியே வந்ததும் கனகேஸ்வரி காலில் விழப்போனார். தலைவர் தடுத்து, "இந்தச் சந்தர்ப்பத்திலே…" என்று தொடங்கினார். பேசினார். கனகேஸ்வரி முழுவதையும் நின்று கேட்டார். அவர் பேச்சைக் கடைசிவரை கேட்ட முதலாவது மனிதர் அந்த அம்மாதான் என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

காரில் திரும்பும்போது தலைவர், "யோகநாதன், அடுத்த மடலிலை ஒண்டு போடவேணும்," என்றார். நான் ஆவலுடன் பேனாவை எடுத்தேன். வரட்டும்: 'காவற்கோட்டம் வென்ற கோமான்', 'சிறை மீட்ட செம்மல்', என்ன பட்டமானாலும் வரட்டும். என் ஊசி தயார்.

"டெலிபோன் நம்பர் பிழை. அது நான் முந்தி இருந்த வீட்டு நம்பர். திருத்தும்." கழுத்துப்பட்டியைக் கழற்றினார். "எழுத்தையும் பெரிசாப் போடும். அந்த மனிசிக்குக் கண்ணாடி இல்லை."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனெனில் அது எல்லாமே வெற்றி. பைறோஸா அடுத்த மடலில் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார்: நிலையத்துக்குப் போனவருக்குத்தான் படம். வாய்வுக்காரருக்கு வாய்வு நின்றது. இராசரத்தினம் ஒரே கிழமையில் இரண்டு தடவை போய்வந்து, தம்முடைய நிலையம் பட்டியலில் கீழே இருப்பது அநீதி என்று மூன்று பக்கக் கடிதம் கொடுத்தார். செயற்குழுவில் இப்போது சண்டை எல்லாம் இதைப் பற்றித்தான்.

"உமக்கு அண்டைக்கு எத்தினை பேர்?"

"ஆறு பேர். எல்லாரும் வீட்டை போட்டினம்."

"எனக்கு நாலுதான். உங்கடை நிலையம் பெரிசு, அதுதான்."

தலைவர் மாறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தம் செய்தியில் ஐந்து இதழ்களாக எழுதினார். ஐந்தாவதில்தான் நிலையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் ஊசியால் குத்தத்தான் செய்தேன். பலூன் வெடிக்கவில்லை. அதில் ஏறி ஆட்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது? ஒருவரை இறக்கிவிட்டா குத்துவது?

10

மலர்க்குழு கட்டுரைக்கு முடிவு கேட்கிறது. பொன்னாடை போர்த்தும் காட்சியுடன் முடித்தால் படத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்கிறது. நான் வேறு விதமாக, தலைவரின் உறுதிகள் முடிகிற விதமாக, முடிக்கிறேன். அச்சுப்படி தலைவரிடம் போகும், அவர் தம் பெயரை மட்டும் பார்த்துக் கையொப்பம் வைப்பார், ஆகையால் பயமில்லை.

இக்கதையை எழுதிய யோகநாதனாகிய நான் இத்தால் அத்தாட்சிப்படுத்துவதாவது:

முதலாம் பகுதியில் 'கெட்ட எண்ணத்துடன்' என்ற சொற்கள் வெட்டப்படாமல் விடப்பட்டன, அவை உண்மையாகையால். இரண்டாம் பகுதியில் பித்தளைப் பலகையைப் பற்றிய கேலிக்குப் பக்கத்தில், 'கண்ணாடி இல்லாத ஒரு தாய் இதை வைத்து வழி கண்டுபிடித்தார்' என்பது செருகப்பட்டது. ஏழாம் பகுதியில் (அ) என்ற பந்தி, ஆசிரியர் மிகுந்த மனவருத்தத்துடன் சம்மதித்ததன் பேரில், முழுவதும் வெட்டப்பட்டது. முதலாம் பகுதியில் 'சிவபாதசுந்தரம் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்' என்ற வசனத்தில் 'நன்றாக' வெட்டப்பட்டு, 'அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து' என்பது செருகப்பட்டது.

சுகந்தினி சோதினையில் சித்தியடைந்தாளா, இப்போது எங்கே இருக்கிறாள் என்ற வரி வெறுமையாக விடப்பட்டுள்ளது. வெற்றிடம் விட்டு எழுதுவதை எங்கள் தலைவர் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் நொத்தாரிசு இல்லை, விடுகிறேன். வாசகர் தம் கையெழுத்தில் நிரப்பி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்கலாம்.

முதலாம் சாட்சி: பைறோஸா. (வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல அவர் கேட்கவில்லை. வேறொரு அச்சுப்படியைத் திருத்திக்கொண்டே கையொப்பம் வைத்தார்.)

இரண்டாம் சாட்சி: வாசகராகிய நீங்கள்.

வாசித்து விளங்கப்படுத்தியாயிற்று. கையொப்பம் வைக்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரியுமா?

தெரியுமென்றால், மேற்கு எல்லையைச் சொல்லுங்கள்.